நெஞ்சில் இடிக்கும் ஒலி: இயர்போனா, பேஸ் பாக்ஸா?

ஆடி பிறந்தால் உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் அம்மன் கோயில் வாசலில் ஆளுயரத்துக்கு பாக்ஸ் அடுக்கிவிடுவார்கள். கூழ் வார்க்கிற அன்றைக்கு அந்த பாக்ஸின் முன்னால் ஆடுகிற இளைஞர்கள்தான் மற்ற நாள்களில் காஞ்சிபுரம் பேருந்தில் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு கண்மூடி உட்கார்ந்திருப்பவர்கள். இரண்டு இடத்திலும் அவர்கள் தேடுவது பேஸ். விற்கிறவர்களுக்கும் இது தெரியும். 2016இல் தொடங்கிய போட் என்ற இந்திய நிறுவனம் தன் இயர்போன் வரிசை ஒன்றுக்கு பேஸ்ஹெட்ஸ் என்றே பெயர் வைத்தது.

இந்த இரண்டில் பேஸை உணரவைப்பது எது என்று கேட்டால், மைக்செட்காரர்கள் ஒரே வாதத்தைச் சொல்வார்கள்: இயர்போனில் பேஸ் கேட்கும், நெஞ்சில் இடிக்காது. இயர்போன்காரர்களின் பதில், பாக்ஸில் எல்லாம் ஒரே ‘டும் டும்’. பேஸ் கிட்டார் என்ன வாசிக்கிறது என்றே தெரியாது. இரண்டு தரப்பும் உண்மையைத்தான் சொல்கின்றன. எந்த அளவுக்கு உண்மை, அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

பேஸ் என்று பொதுவாகச் சொல்வது நொடிக்கு 20 முதல் 250 முறை வரை, அதாவது 20 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை அதிரும் ஒலிகளை. உடம்பில் இடியாக இறங்குகிற பகுதி பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. மின்சாரம் வருவதற்கு முன்பே நம்மவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் கச்சேரிக்கு முன் ரவையைப் பிசைந்து ஒட்டுவது ஒலியைக் கனமாக்கிக் கீழே இறக்கத்தான். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். நம் தோல்வாத்தியங்களில் இப்படிப் பூச்சு ஏற்றுவதால் என்ன நடக்கிறது என்று சர் சி.வி. ராமன் 1920இல் நேச்சர் இதழில் எழுதினார், 1934இல் விரிவாகவும் எழுதினார். அவர் கவனம் வலப்பக்கமான வலந்தலையின் மேல்சுருதிகள் எப்படி இசைவாக அமைகின்றன என்பதில் இருந்தது. தொப்பியின் அடி வயிற்றில் ஏன் இறங்குகிறது என்று அவர் ஆராய்ந்திருந்தால் நமக்கு இன்னும் உதவியாக இருந்திருக்கும்.

காஞ்சிபுரம் பக்கத்து அம்மன் கோயில்களில் பம்பை அடிக்கும்போது சாமி வந்து ஆடுகிறவர் பம்பைக்காரருக்கு வெகு அருகிலேயே நிற்பார். பம்பைக்காரரும் அவரை நோக்கி நெருங்கி நெருங்கி அடிப்பார். தோல்வாத்தியத்தின் அதிர்வு உடம்பைத் தொட வேண்டுமானால் தூரம் குறைய வேண்டும் என்பது அந்தச் சடங்கிலேயே அடங்கியிருக்கிறது. பின்னால் பேசப்போகும் எல்லாவற்றுக்கும் இந்தத் தூரம்தான் சாவி.

முதலில் காது. மனிதக் காது தாழ்ந்த ஒலிகளுக்கு மிகவும் மந்தமானது. 1,000 ஹெர்ட்ஸ் ஒலி இரண்டு மூன்று டெசிபல் இருந்தாலே நல்ல காதுக்குக் கேட்டுவிடும். 50 ஹெர்ட்ஸ் ஒலி காதில் விழ சுமார் 44 டெசிபல் வேண்டும். 20 ஹெர்ட்ஸுக்கு சுமார் 78. பிளெட்சரும் மன்சனும் 1933இல் வரைந்த சம ஒலிப்புக் கோடுகள் தொடங்கி இன்றைய பன்னாட்டுத் தரநிலை வரை எல்லாமே இதைத்தான் காட்டுகின்றன. பாட்டின் சத்தத்தைக் குறைத்தால் முதலில் காணாமல் போவது பேஸ் என்பதற்கும், சத்தத்தை ஏற்ற ஏற்ற பேஸ் பொங்கி வருவதற்கும் காரணம் இதுதான். பேஸ் பிரியர்கள் எல்லோரும் சத்தப் பிரியர்களாகவும் இருப்பதை இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

ஆனால் காது மந்தமாக இருக்கும் இடத்தில் உடம்பு விழித்துக்கொள்கிறது. தோலுக்கு அடியில் இருக்கும் பாசினியன் நுண்ணுறுப்புகள் சில பத்து ஹெர்ட்ஸிலிருந்து பல நூறு ஹெர்ட்ஸ் வரையான அதிர்வை வாங்கிக்கொள்கின்றன. அதற்கும் கீழான அதிர்வை வாங்க வேறு வகை நுண்ணுறுப்புகள் உண்டு. நெஞ்சுக்கூடு காற்று அடைத்த கூடு. சுமார் 50 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையான பலத்த ஒலியில் தானும் சேர்ந்து அதிரும். உள்காதில் சமநிலையைக் கவனிக்கும் பையுறுப்புகூட பலத்த தாழொலிக்கு அசையும் என்று டாட், கோடி என்ற இரு ஆய்வாளர்கள் 2000இல் எழுதினார்கள். ஊஞ்சலில் ஆடும்போது வரும் கிறக்கத்துக்கும் பாக்ஸ் முன்னால் வரும் கிறக்கத்துக்கும் உறவு இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். பன்னிரண்டு வயதுக்குள் செவிப்புலனைப் பெரும்பாலும் இழந்த ஸ்காட்லாந்து தாளக் கலைஞர் எவலின் கிளென்னி மேடையில் செருப்பில்லாமல் நிற்பது தரை வழியாக அதிர்வை வாங்கத்தான்.

கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்து, 2022இல் முடிவு வெளியான ஒரு சோதனை இதற்கு நல்ல சான்று. மின்னணு இசை நிகழ்ச்சி ஒன்றில் 8 முதல் 37 ஹெர்ட்ஸ் வரையான ஒலியை மட்டும் எழுப்பும் தனி ஸ்பீக்கர்களை இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை போட்டும் நிறுத்தியும் பார்த்தார்கள். ஆடியவர்களுக்கு எப்போது போட்டார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் போட்ட நேரங்களில் அவர்கள் சராசரியாக 11.8 விழுக்காடு கூடுதலாக ஆடினார்கள். காது அறியாததை உடம்பு அறிந்திருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நம் ஊர்த் திருவிழாவுக்கு வரும் 15 அங்குல, 18 அங்குல பாக்ஸ்களில் பெரும்பாலானவை 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரியாக இறங்குவதில்லை. ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கும் இயர்போனோ, காதை நன்றாக அடைத்து உட்கார்ந்தால் 20 ஹெர்ட்ஸ் வரை தாராளமாக இறங்கும். ஆழத்தில் இயர்போன்தான் வெல்கிறது. ஆனாலும் அதைப் போட்டுக்கொண்டு யாரும் சாமியாடுவதில்லை.

காரணம் காற்றின் அளவில் இருக்கிறது. தரையில் வைத்த ஒரு பாக்ஸ், ஒரு மீட்டர் தூரத்தில் 40 ஹெர்ட்ஸ் ஒலியை 100 டெசிபலுக்கு எழுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால், அதன் கோன் ஒவ்வொரு தள்ளலிலும் கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான காற்றைத் தள்ள வேண்டும். காதை அடைத்த இயர்போனுக்கும் செவிப்பறைக்கும் இடையில் இருப்பது ஏறத்தாழ 2 கன சென்டிமீட்டர் காற்று. அதே 100 டெசிபலை அதற்குள் எழுப்ப 0.04 கன மில்லிமீட்டர் அசைவு போதும். ஒரு கடுகைப் பல துண்டாக்கினால் கிடைக்கும் ஒரு துணுக்கு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 60 லட்சம் மடங்கு. பாக்ஸ் இன்னும் ஒரு படி கீழிறங்கி 20 ஹெர்ட்ஸைத் தர வேண்டுமானால் இதைப் போல நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். அடைத்த காதுக்குள் அந்தத் தண்டனை கிடையாது. எந்த ஹெர்ட்ஸானாலும் அதே அசைவுதான். இயர்போன் செவிப்பறையை மட்டும் அசைத்துவிட்டு நின்றுவிடுகிறது. பாக்ஸ் திடலில் உள்ள காற்றையெல்லாம் அசைக்கிறது. அந்தக் காற்றுக்குள் நாமும் நிற்கிறோம்.

‘அடைத்த காது’ என்பது முக்கியமான நிபந்தனை. இயர்போனுக்கும் காதுக்கும் நடுவே சிறு இடுக்கு இருந்தாலும் அமுக்கம் அதன் வழியே கசிந்து, பேஸ் முதலில் ஓடிவிடும். இயர்போன் பெட்டியில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவில் ரப்பர் முனைகள் கொடுத்திருப்பார்கள். பெரும்பாலானோர் மாட்டி வந்ததை மாற்றுவதே இல்லை. ‘இதுல பேஸே இல்ல’ என்று தூக்கிப்போடும் முன் முனையை மாற்றிப் பாருங்கள். விரலால் மெல்ல அமுக்கிப் பார்த்து பேஸ் கூடினால் குறை முனையில்தான் இருக்கிறது.

காதுக்குள் அமுக்கம் ஒரே அளவாக இருந்தாலும் இயர்போன் பேஸ் ஏன் மெலிந்து கேட்கிறது என்ற கேள்வி ஒலியியலில் பழைய வழக்கு. 1952இல் மன்சனும் வீனரும், ஹெட்ஃபோனில் தாழொலி ஸ்பீக்கருக்குச் சமமாகக் கேட்க வேண்டுமானால் சுமார் 6 டெசிபல் கூடுதலாகத் தர வேண்டியிருக்கிறது என்று எழுதினார்கள். ‘காணாமல் போன 6 டெசிபல்’ என்று அதற்குப் பெயரே நிலைத்துவிட்டது. 1982இல் ரட்மோஸ், அளவெடுத்த முறைகளில் இருந்த கோளாறுகளைச் சரிசெய்தால் இந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது என்று காட்டினார். ஆனால் கேட்பவரின் விருப்பம் அதோடு தீரவில்லை. 2010களில் ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் கேட்பவர்களை வைத்து நடத்திய சோதனைகளில், நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் தருவது போன்று, தாழொலியைச் சற்று ஏற்றிய ஹெட்ஃபோன்களையே பெரும்பாலோர் விரும்பினார்கள். உடம்புக்குக் கிடைக்காததைக் காதில் ஈடுகட்டிக்கொள்ளும் ஆசை என்று நான் இதை வாசிக்கிறேன். ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவில்லை.

வீட்டுக்குள் ஸ்பீக்கர் வைப்பவர்களுக்கு வேறு தொல்லை. 12 அடி நீளக் கான்கிரீட் அறையில் 47 ஹெர்ட்ஸ் அளவில் ஒலி சுவருக்குச் சுவர் மோதித் தங்கும். மூலையில் உட்கார்ந்தால் பேஸ் முழங்கும். நடுவில் உட்கார்ந்தால் அதே பாட்டில் அதே ஸ்வரம் காணாமல் போகும். ஓட்டு வீட்டில், கூரை வீட்டில் பேஸ் தங்காமல் வெளியே போய்விடும். இளையராஜா பாடல்களில் பேஸ் கிட்டார் தனிப் பாட்டாகவே ஓடுவதைக் கேட்க வேண்டுமானால் எங்கள் பக்கத்து வீடுகளில் இயர்போனை விட நல்ல வழி இல்லை. இந்த ஒரு விஷயத்தில் இயர்போன்காரர்களுக்கே முழு வெற்றி.

கூம்பு ஸ்பீக்கரைப் பற்றிப் பேசாமல் இந்தப் பகுதியின் ஒலிக்கதை முடியாது. பஞ்சாயத்து ரேடியோ காலத்திலிருந்து மரத்தில் கட்டிய கூம்பு சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றும் தராது. இருந்தும் விடியற்காலையில் அதில் வரும் சீர்காழி கோவிந்தராஜன் குரல் கம்பீரமாகவே கேட்டது. மேல்சுருதிகள் சரியான இடைவெளியில் வந்தால், இல்லாத அடிச்சுருதியை மூளையே கற்பித்துக்கொள்ளும். தொலைபேசியில் ஆண்குரல் ஆண்குரலாகவே கேட்பதும் இப்படித்தான். ஆனால் மூளை கற்பித்த பேஸ் நெஞ்சில் இடிக்காது. திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் விடிய விடிய நடக்கும் கூத்துக்கு மைக் வந்தபோது இந்த இழப்பு நேர்ந்தது. கூத்தாடியின் குரலும் முகவீணையும் கூம்பு வழியாக ஊர்க்கோடி வரை போய்ச் சேர்ந்தன. மிருதங்கத்தின் தொப்பியோ முன்வரிசைக்காரருக்கு மட்டுமே சொந்தமாக இருந்துவிட்டது. கூத்தை முன்வரிசையில் மண்ணில் உட்கார்ந்து பார்த்தவர்களும் பின்னால் கட்டிலில் சாய்ந்து கேட்டவர்களும் ஒரே கூத்தைக் கேட்கவில்லை.

இப்போது கூம்புக்குக் காவல்துறை தடை சொல்கிறது. விழா அனுமதியில் பெட்டி வடிவ ஒலிபெருக்கி மட்டுமே வைக்கலாம் என்ற நிபந்தனை வழக்கமாக வருகிறது. கூம்பின் கீச்சொலிக்குத் தொல்லைப்பட்டவர்களுக்கு இது நிம்மதிதான். ஆனால் கூம்பு போய் பாக்ஸ் வந்ததும் தொல்லையின் வகை மாறிவிட்டது.

சத்தத்தின் உயர்ந்த பகுதிகளைக் காற்று போகும் வழியிலேயே உறிஞ்சிக்கொள்ளும். தாழொலியை அது ஏறக்குறைய தொடுவதில்லை. அதனால்தான் பக்கத்து ஊர்த் திருவிழா நமக்கு வெறும் ‘டும் டும்’ ஆக மட்டும் வந்து சேர்கிறது. இரவில் தரையையொட்டிய காற்று குளிர்ந்து, மேலே வெதுவெதுப்பான காற்று நின்றால், மேலே போக வேண்டிய ஒலி வளைந்து மீண்டும் தரைக்கு வரும். உத்திரமேரூர் ஏரி மாதிரி அகலமான நீர்ப்பரப்பும் வயல்வெளியும் இருக்கும் இடத்தில் நடுவில் தடுக்க ஒன்றுமில்லை. வீட்டுச் சுவர் பாட்டை நிறுத்தும், பேஸை நிறுத்தாது. தகரக் கூரையும் பரணில் அடுக்கிய எவர்சில்வர் பாத்திரமும் கூடச் சேர்ந்து அதிரும். பாக்ஸ் முன்னால் நிற்கிறவருக்கு இன்பமாக இருக்கும் அதே அதிர்வு, தொட்டில் குழந்தைக்கும் நெஞ்சுவலிக்காரருக்கும் கேட்காமலே வீட்டுக்குள் வருகிறது. இயர்போனின் பேஸ் போட்டவரோடு முடிந்துவிடும். இந்த வித்தியாசம் ஒலித்தரம் பற்றிய பேச்சில் வருவதே இல்லை.

சட்டம் இதைப் பார்க்கவில்லையா? 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு விலக்குத் தரலாம். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. விழா நடக்கும் இடத்தின் எல்லையில் அந்த வரம்பைவிட 10 டெசிபலோ, மொத்தம் 75 டெசிபலோ, இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது என்று 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது நம் கிராமத் தெருவில் பகலில் 65.

சிக்கல் மீட்டரில் இருக்கிறது. இந்த வரம்புகள் எல்லாம் ‘ஏ’ அளவுகோலில் சொல்லப்பட்டவை. மனிதக் காதின் மந்தத்தை ஏறத்தாழப் பின்பற்றும் அளவுகோல் அது. 50 ஹெர்ட்ஸ் ஒலி வந்தால் அதில் 30 டெசிபலைக் கழித்துத்தான் காட்டும். வெறும் 50 ஹெர்ட்ஸ் ஒலி 95 டெசிபலுக்கு முழங்கினாலும் மீட்டர் 65 என்று காட்டும். விதிப்படி எல்லாம் சரி. பாட்டில் மற்ற ஒலிகளும் இருப்பதால் நடைமுறைக் கணக்கு இவ்வளவு மோசமாக இராது. ஆனால் தூரத்து வீட்டுக்குப் பேஸ் மட்டுமே போய்ச் சேரும்போது கணக்கு இதற்கு மிக அருகில் வந்துவிடும். ‘சி’ என்று இன்னொரு அளவுகோல் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸில் அது கழிப்பது ஒரு டெசிபல் சொச்சம்தான். ஒலிமானிகளில் பெரும்பாலும் அதற்கும் பொத்தான் உண்டு. அழுத்துவோர்தான் இல்லை.

இயர்போன் பக்கமும் குற்றமற்றதல்ல. ஓடும் பேருந்தின் எஞ்சின் இரைச்சல் தாழொலியாகவே இருப்பதால் அது முதலில் விழுங்குவது பாட்டின் பேஸை. இழந்ததை மீட்கச் சத்தத்தை ஏற்றுகிறோம். பேஸோடு மற்ற எல்லாமும் ஏறிக் காதைத் தாக்குகிறது. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும்: 83க்கு 20 மணி, 86க்கு 10 மணி. இரைச்சலை நீக்கும் வகை இயர்போன்கள் தாழ்ந்த இரைச்சலைத்தான் நன்றாக நீக்கும் என்பதால், பேருந்தில் போகிறவர் அதற்குச் செலவு செய்வது வீண் அல்ல.

இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இருக்கிறது. பின்சீட்டுக்கு அடியில் எட்டு அங்குல ஸ்பீக்கர் வைத்த ஷேர் ஆட்டோவில் போயிருப்பீர்கள். சின்னப் பெட்டிதான், ஆனால் முதுகும் இருக்கையும் ஒட்டியிருப்பதால் அதிர்வு நேராக உடம்பில் ஏறும். உடம்போடு ஒட்டும் அதிர்வுப் பட்டைகளும் முதுகில் மாட்டும் கருவிகளும் வெளிநாடுகளில் விற்பனைக்கு வந்திருப்பது இதே தத்துவத்தில்தான். இயர்போனோடு அவற்றைச் சேர்த்துக் கேட்டவர்களுக்கு இசை கூடுதலாகப் பிடித்தது, உடம்பும் கூடுதலாக ஆடியது என்று 2020இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது.

ஆக என் தீர்ப்பு இது: பேஸை அறிய இயர்போன், பேஸில் நிற்க பாக்ஸ். நெஞ்சில் இடிப்பதை இயர்போனால் எந்த விலைக்கும் தர முடியாது. கூட்டமாக ஆடுகிறவர்கள் அனைவரையும் ஒரே நொடியில் இடிப்பதும் பாக்ஸால் மட்டுமே ஆகும். திருவிழாவில் பாக்ஸே வேண்டாம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எங்கே வைப்பது, எவ்வளவு வைப்பது என்பதில்தான் சண்டை.

அதற்குத் தூரக் கணக்கு தெரிந்தால் போதும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். ஆடுகிறவர்கள் பாக்ஸிலிருந்து 16 மீட்டரிலும் வீடு 32 மீட்டரிலும் இருந்தால் இருவருக்கும் வித்தியாசம் 6 டெசிபல்தான். ஆடுகிறவர்களை 4 மீட்டருக்குள் கொண்டுவந்தால் வித்தியாசம் 18 டெசிபல். அவர்களுக்கு அதே இடி கிடைக்க பாக்ஸை 12 டெசிபல் குறைத்து வைக்கலாம். பேஸ் பாக்ஸை மேடைமேல் ஏற்றாமல் தரையில் வைத்தால் தரையே அதற்குத் துணை செய்யும். பாக்ஸை வீடுகளுக்கு முதுகு காட்டித் திருப்பி வைப்பதில் மட்டும் பயனில்லை. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை எட்டரை மீட்டர் நீளம். இரண்டடி அகலப் பெட்டி அதைத் திசைதிருப்ப முடியாது. ஒரு பாக்ஸைப் பின்பக்கம் திருப்பி, இணைப்பை மாற்றி, சில மில்லிநொடி தாமதம் கொடுத்துப் பின்னால் போகும் பேஸை அடக்கும் முறை பெரிய கச்சேரிகளில் உண்டு. நம் மைக்செட்காரர்கள் கற்றுக்கொள்ள முடியாத வித்தை ஒன்றும் இல்லை அது.

உத்திரமேரூர் பற்றி எழுதுகிறவர்கள் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டை இழுக்காமல் விடுவதில்லை, நானும் இழுத்துவிட்டேன். ஆனால் எனக்கு வேண்டியது இன்றைய கிராம சபை. உத்திரமேரூர் ஒன்றியத்து ஊராட்சிகளில் மே 1 அன்று கூடும் கிராம சபை ஆடிக்கு இரண்டரை மாதம் முன்னால் வருகிறது. கோயில் நிர்வாகிகளையும் ஊர் மைக்செட்காரரையும் அதற்கு அழையுங்கள். பேஸ் பாக்ஸ் எந்த இடத்தில், எத்தனை, எத்தனை மணி வரை என்று பேசித் தீர்மானம் எழுதுங்கள். அளவெடுக்க அதிகாரி வந்தால் ‘சி’ பொத்தானையும் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.